இறங்கும் முன் ஏறும் கணக்கு
(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)



முதலாம் ஆண்டு பிசிக்ஸில் பாயில் விதி படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடினால் வாயுவின் பருமன் குறையும். அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் வருவது மாறிலி. நானும் மனப்பாடம் செய்து எழுதி, மார்க் வாங்கி, மறந்தும் போனேன். அதை மறுபடி ஞாபகப்படுத்தியவர் என் தாய்மாமா.

மாமா சங்கு குளிக்கப் போனவர். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து அதுதான் தொழில். காலேஜ் வாசலை மிதித்தவன் நான்தான் முதல். தாத்தா மூச்சை அடக்கிக் குளித்தவர். மாமா காலத்தில் படகிலே கம்ப்ரஸர் வந்துவிட்டது. டியூபை வாயில் கவ்விக்கொண்டு பத்து பாகம் ஆழத்தில் மணிக்கணக்காக இருப்பார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் கரைக்கு வந்தவருக்கு முட்டியில் வலி. ராத்திரிக்குள் இரண்டு காலும் மரத்துவிட்டது. வாதம் என்று சொல்லி தைலம் தேய்த்தார்கள். இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

போன பொங்கல் லீவில் அவர் கேட்டார்: "ஏ மருமவனே, காலேஜுல படிக்கியல்லா? எனக்கு ஏம்ல கால் போச்சுன்னு ஒன் பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

நான் முழித்தேன். பிறகு தேடிப் படித்தேன். பதில் ஸ்கூபா டைவிங் புத்தகத்தில் இருந்தது. பவளப்பாறை பார்க்க ஒரு முறை கடலில் இறங்குவதற்கு எவ்வளவு கணக்குப் போடுகிறார்கள் என்று பார்த்து அசந்துபோனேன். நான் இன்னும் ஸ்கூபா மாட்டி இறங்கியதில்லை. ஆனால் பேப்பரில் ஒரு டைவ் போட்டுப் பார்த்தேன். வாருங்கள், சேர்ந்து போடுவோம். (படித்துவிட்டு யாரும் குதித்துவிட வேண்டாம்! முறையான பயிற்சியும் கூடவே ஒரு ஜோடியும் இல்லாமல் இறங்கக் கூடாது என்பதுதான் முதல் விதி.)

எங்கே? எப்போது?

நம் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறை உண்டு. ஆனால் அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி போக முடியாது. அதனால் பயிற்சிப் பள்ளிகள் நிறைய இருக்கிற அந்தமானின் ஹேவ்லாக் தீவை (2018 முதல் ஸ்வராஜ் த்வீப்) எடுத்துக்கொள்வோம்.

அங்கே டிசம்பர் முதல் மே தொடக்கம் வரை கடல் அமைதி. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அலையும் கலங்கலும்தான். தண்ணீர் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ். வெதுவெதுப்புதானே என்று சட்டையோடு இறங்கக் கூடாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதனால் 3 மில்லிமீட்டர் ரப்பர் உடை.

அடுத்து நீரோட்டம், எங்கள் ஊரில் நீவாடு என்போம். ஏத்தமும் வத்தமும் மாறும் நேரத்தில் அது அடங்கும். அந்த நேரம் பார்த்து இறங்க வேண்டும். முதலில் ஓட்டத்தை எதிர்த்துப் போய், களைத்த பிறகு ஓட்டத்தோடு திரும்ப வேண்டும்.

காற்றுக் கணக்கு

1943-ல் பிரான்ஸில் கூஸ்டோவும் காஞ்ஞானும் சேர்ந்து, சுவாசிப்பவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றுத் தரும் ரெகுலேட்டரை உருவாக்கினார்கள். இன்றைய ஸ்கூபா அதிலிருந்து வந்தது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு பார் அழுத்தம் கூடும். மேலே 1 பார். 10 மீட்டரில் 2. நாம் போகப்போகும் 18 மீட்டரில் 2.8. பத்து பாகம் என்பதும் இதே ஆழம்தான்!

12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால் 12 × 200 = 2400 லிட்டர். இதில் 50 பார், அதாவது 600 லிட்டரைத் தொடக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் நாம் சொல்லும் 'ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி' அதுதான். மிச்சம் 1800.

மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறவன் 18 மீட்டரில் 20 × 2.8 = 56 லிட்டர் இழுப்பான். ஏறி வருவதற்கு 200 லிட்டரை முதலிலேயே எடுத்து வைத்துவிடுவோம். மிச்சம் 1600. அதை 56-ஆல் வகுத்தால் 28 நிமிடம்!

கவனித்தீர்களா நண்பர்களே? திரும்பி வரும் காற்றைத் தனியே வைத்த பிறகுதான் சுற்றிப்பார்க்கும் நேரமே தெரிகிறது.

நைட்ரஜன் கணக்கு

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அழுத்தம் கூடினால் அது ரத்தத்திலும் தசையிலும் அதிகமாகக் கரையும். மெதுவாக ஏறினால் மூச்சு வழியே வெளியேறிவிடும். நெடுநேரம் இருந்துவிட்டு விருட்டென்று ஏறினால்? கோலி சோடாவை உடைத்தது போல உடம்புக்குள்ளேயே குமிழ். மூட்டில் குமிழ் வந்தால் வலி. தண்டுவடத்தில் வந்தால் கால் போகும்.

என் மாமாவுக்கு வந்தது வாதமல்ல. இதுதான்.

பிரிட்டனில் ஹால்டேன் என்ற விஞ்ஞானி கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி ஏறுவது என்று அட்டவணை போட்டார். அது வெளிவந்தது 1908-ல்! இன்று பொழுதுபோக்கு டைவர்கள் பயன்படுத்தும் ஓர் அட்டவணைப்படி, நாளின் முதல் டைவில், இடையில் நின்று நின்று ஏறும் கட்டாயம் இல்லாமல் இருக்கக்கூடிய நேரம்: 10 மீட்டரில் 219 நிமிடம், 18 மீட்டரில் 56, 30 மீட்டரில் வெறும் 20. இரண்டாவது முறை இறங்கினால் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனையும் சேர்ப்பதால் நேரம் இன்னும் குறையும்.

நம் டைவுக்கு அட்டவணை சொல்வது 56. காற்று சொல்வது 28. எது சின்னதோ அதுதான் கணக்கு. அதிலும் குறைத்து 25 என்று வைப்போம்.

சிலிண்டர் தீர்ந்துபோகும் என்பதே ஒரு காவல். கம்ப்ரஸருக்கு டீசல் இருக்கிற வரை காற்று வரும். "போதும், ஏறு" என்று சொல்ல ஆளில்லை. மாமா பத்து பாகத்தில் மணிக்கணக்காக இருந்தது அப்படித்தான்.

ஏறும் விதம்

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காகும் (பாயில் விதி!), அடக்கினால் நுரையீரல் கிழியும். தாத்தாவுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் மேலே இழுத்த காற்றோடு போய் அதோடு வந்தவர். தாத்தாவுக்கு மூச்சை அடக்குவது தொழில், டியூபில் சுவாசிப்பவனுக்கு அதுவே எமன். கருவி மாறினால் பழைய அனுபவம் மட்டும் போதாது.

இன்னொன்று: கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம்! நலம் என்றால் விரல்களை வளையமாக்கிக் காட்ட வேண்டும்.

டைவ் முடிந்ததும் விமானம் ஏறக் கூடாது. மேலே அழுத்தம் குறைவு. ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி, பல டைவ் என்றால் 18 மணி இடைவெளி வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட் போடும்போதே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குமிழ் நோய்க்கு மருந்து ஆக்சிஜனும் அழுத்த அறையும்தான், தைலம் அல்ல. அந்த அறை எந்த ஊரில் இருக்கிறது, எப்படிப் போவது என்பதையும் இறங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

பவளத்தின் பக்கம்

பவளம் கல் அல்ல, உயிர். கெட்டியான பவளங்கள் பலவும் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஒரு துடுப்புக்கால் பட்டால் பல வருட வளர்ச்சி உடையும். அதனால் ஈயக்கட்டி அளவாகக் கட்டி, மிதப்பைச் சரி செய்து, தொடாமல் பார்க்க வேண்டும். 2010-ல் கடல் சூடேறியபோது அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. மிச்சமிருப்பதை நாமும் மிதிக்க வேண்டாமே!

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "நூறு வருசத்துக்கு முன்னாலயே எழுதியிருக்கான். அந்தக் காயிதத்த நம்ம ஆளுவகிட்ட ஒருத்தனும் காட்டலியே?"

என்னிடம் பதில் இல்லை. மாமா மகன் இப்போது அதே மாதிரி கம்ப்ரஸர் படகில் போகிறான். ஓர் அட்டையில் மீட்டரைப் பாகமாக்கி எழ்திக் கொடுத்தேன்: 5 பாகம் 219 நிமிடம், 10 பாகம் 56, 16 பாகம் 20, முதல் முங்குக்கு மட்டும், மெதுவாக ஏறு, மூச்சை அடக்காதே. மச்சான் சிரித்தான். "அம்பத்தாறு நிமிசத்துல என்னல சங்கு கிடைக்கும்?" என்றான். ஆனால் அட்டையை பாலிதீன் கவரில் போட்டு மடியில் செருகிக்கொண்டான்.

நண்பர்களே, ரெண்டு மார்க் கேள்வி என்று எதையும் விட்டுவிடாதீர்கள். அந்த விதி தேவைப்படும் ஆள் நம் வீட்டிலேயே இருக்கலாம்.