விருந்தினர் பார்க்க மறுத்த தலை

சிற்பம் கற்க வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டும் படம் டொனாட்டெல்லோவின் ‘ஏரோதின் விருந்து’. இத்தாலியின் சியெனா நகரப் பேராலயத்தைச் சேர்ந்த ஞானஸ்நானக் கூடத்தில், அறுகோணத் தொட்டியைச் சுற்றி ஆறு வெண்கலப் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆறும் யோவான் ஸ்நானகனின் வாழ்க்கையைச் சொல்பவை. அவற்றுள் ஒன்றான இது சுமார் 60 சென்டிமீட்டர் சதுரம், பொன்முலாம் பூசியது. யாக்கோப்போ தெல்லா குவெர்ச்சாவிடம் கொடுக்கப்பட்டிருந்த வேலை, அவர் தாமதித்ததால் 1423இல் டொனாட்டெல்லோவின் கைக்கு வந்தது. 1427இல் அவர் முடித்துக் கொடுத்தார்.

பலகை காட்டும் கதை இதுதான். சகோதரனின் மனைவி ஏரோதியாளை மன்னன் ஏரோது மணந்தது தவறென்று யோவான் கண்டித்தார், சிறையில் அடைக்கப்பட்டார். பிறந்தநாள் விருந்தில் அவள் மகள் ஆட, மகிழ்ந்துபோன ஏரோது எதைக் கேட்டாலும் தருவதாக ஆணையிட்டான். தாய் சொல்லிக்கொடுத்தபடி அவள் யோவானின் தலையைக் கேட்டாள்.

பலகையை இடப்பக்கத்திலிருந்து பாருங்கள். மண்டியிட்ட சேவகன் தட்டில் தலையை நீட்டுகிறான். ஏரோது இரு கைகளையும் உயர்த்திப் பின்வாங்குகிறான். காலடியில் இருந்த குழந்தைகள் மிரண்டு விலகுகிறார்கள். மேசையில் ஒருவர் கையால் முகத்தை மூடிக்கொள்கிறார். வலக்கோடியில் கூட்டம் நெருக்கியடிக்க, அந்தப் பெண்ணின் ஆட்டம் இன்னும் நிற்கவில்லை. எல்லோரும் இரு பக்கமும் ஒதுங்கிவிட்டதால் பலகையின் நடுப்பகுதி காலியாகக் கிடக்கிறது. முக்கியமானவரை நடுவில் வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், டொனாட்டெல்லோ அங்கே யாரையும் வைக்கவில்லை.

அந்த இடைவெளி வழியாகப் பார்வை உள்ளே போகிறது. தரைக்கற்களின் கோடுகள் பின்னோக்கிக் குவிகின்றன. கோடுகளை ஒரு புள்ளியில் குவித்து ஆழத்தைக் காட்டும் இந்த முறை, ஃபுளோரன்ஸில் புருனெல்லெஸ்கி கண்டறிந்தது, அப்போது புத்தம் புதிது. அதை விளக்கி அல்பெர்த்தி நூல் எழுதியது 1435இல்தான். முன்னால் இருப்பவர்கள் முழுச்சிலைபோலத் திரண்டிருக்கிறார்கள். வளைவுகளுக்குப் பின்னே இசைக்கலைஞர்கள் மெல்லிய புடைப்பாகிறார்கள். கடைசி அறையில் கீறல் அளவே உள்ள உருவங்களுக்கு நடுவே அதே தலை தட்டில் வருகிறது. அது சற்று முந்தைய நிகழ்வு. ஆழமே இங்கே காலமாகிறது. கொலை பின்னறையிலிருந்து மேசைவரை நடந்து வந்து சேர்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கான காரணம் மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன். ஏரோது யோவானை நீதிமான் என்று அறிந்திருந்தான். அவர் பேச்சை விரும்பிக் கேட்டவன். தலையைக் கேட்டபோது வருந்தினான். ஆனாலும், ஆணையிட்டு விட்டோமே, உடன் உண்பவர்கள் முன்னே எப்படி மறுப்பது என்றே சம்மதித்தான். டொனாட்டெல்லோ அந்த விருந்தினர்களைத்தான் கூர்ந்து வாசித்திருக்கிறார். யாருக்கு அஞ்சி ஒரு நல்லவரைக் கொல்லச் சொன்னானோ, அவர்களாலேயே அந்தத் தலையைப் பார்க்க முடியவில்லை. அவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவும் இல்லை.

வேதாகமக் காட்சியைச் செதுக்கிய சிற்பத்தின் முன் நிற்கும்போது, உருவங்களுக்குப் பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சிற்பி எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டார் என்று தேடுங்கள். சியெனாவில் அந்த வசனம் விருந்தினரைப் பற்றியது. ஊர் என்ன சொல்லுமோ என்று மனசாட்சிக்கு மாறாக நடக்கும் எவருக்கும் அந்த மேசையில் ஓர் இடம் இருக்கிறது.