அரசன் செவி

நாடகத்தில் அரசன் தோன்றுங்கால் முடியும் செங்கோலுமே முதலிற் கண்ணிற் படுகின்றன. ஆயினும் அவன் எத்தகையன் என்பதை அறிய அவை உதவா. அவன் யார் சொல்லைக் கொள்கிறான், யார் சொல்லைத் தள்ளுகிறான் என்று நோக்கின் அவன் உள்ளம் வெளிப்படும். நாடகப் புலவர் பலரும் தம் அரசரை இவ்வாறே சோதித்துக் காட்டியுள்ளனர்.

கிரேக்கப் புலவர் சோபோகிளீசு கி.மு. 441ஆம் ஆண்டை ஒட்டி இயற்றிய நாடகம் 'ஆண்டிகொனி'. தீப்சு நகரத்து அரசனான கிரியோன், அந்நகரின்மேற் படைகொண்டு வந்து மாண்ட இளவரசன் ஒருவன் உடலை எவரும் அடக்கம் செய்தலாகாது என ஆணையிடுகிறான். ஆணையை மீறி யாரோ அவ்வுடலின்மேல் மண் தூவிவிடுகின்றனர். இச்செய்தியை அரசனிடம் சென்று உரைப்பவர் யார்? காவலர் தமக்குள் சீட்டுப் போட்டுப் பார்க்கின்றனர். சீட்டு விழுந்தவன் நடப்பதும் நிற்பதுமாக, திரும்பிவிடலாமோ எனத் தயங்கித் தயங்கி அவைக்கு வந்து சேர்கிறான். நடந்ததை நடந்தவாறு உரைப்பதற்கே ஏவலர் சீட்டுப் போடும் நாட்டில் ஆட்சி எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மண் தூவியவள் மாண்டவனின் உடன்பிறந்தாளாகிய ஆண்டிகொனி. அரசன் மகன் ஈமனுக்கு மணம் பேசப்பெற்றவள். அவளை உயிரோடு பாறைக் குகையில் அடைக்குமாறு கிரியோன் பணிக்கிறான். நகர மக்கள் அவள் பொருட்டு மறைவில் இரங்குகின்றனர் என்று மகன் பணிவுடன் எடுத்துரைக்க, இளையோன் முதியோனுக்கு அறிவு புகட்டுவதோ எனத் தந்தை சீறுகிறான். கண்ணிழந்த குறியாளன் தைரீசியாசு எச்சரித்தபோது, அவன் பொருளுக்கு ஆசைப்பட்டுப் பேசுவதாகப் பழிக்கிறான். பின்னரே அச்சம் தோன்றுகிறது. பிணத்தை அடக்கம் செய்துவிட்டுக் குகைக்கு விரைகிறான். அதற்குள் ஆண்டிகொனி உயிர் துறந்துவிட்டாள். மகன் தந்தையின் கண்முன்னே மாய்கிறான். செய்தி கேட்ட அரசியும் மாய்கிறாள்.

காளிதாசரின் துஷ்யந்தன் இவனினும் வேறுபட்டவன். பாரதக் கதையில் வரும் துஷ்யந்தன், சகுந்தலையை நன்கு அறிந்திருந்தும் ஊரார்க்கு அஞ்சி அறியேன் என்கிறான். காளிதாசரோ துருவாசரின் சாபத்தையும் கணையாழியையும் இடையிற் புகுத்தி, மறதியால் நேர்ந்த பிழையாக அதனை மாற்றிவிட்டார். அரசனிடத்து அப்புலவர்க்கு இருந்த பரிவு சிறிதன்று! எனினும் அவைக்களக் காட்சியில் ஒன்று போற்றத்தக்கது. கண்ணுவரின் மாணவனாகிய சார்ங்கரவன் அரசனை முகத்துக்கு நேரே கடிந்துரைக்கிறான். அரசன் அவனைத் தண்டிக்கவில்லை. தான் செய்யத்தக்கது யாதெனத் தன் புரோகிதரை வினவுகிறான்.

சேக்சுபியரின் இலியர் மன்னனுக்கு இப்பொறுமை இல்லை. 1608இல் அச்சேறிய அந்நாடகத்தில், முதுமையுற்ற இலியர் தன் நாட்டை மூன்று புதல்வியர்க்கும் பகிர்ந்தளிக்க எண்ணி, தன்பால் அன்பு மிக்கவள் யார் எனக் கேட்கிறான். மூத்தவர் இருவரும் நாவினால் அன்பைச் சொரிகின்றனர். இளையவள் கார்டீலியா, மகளுக்குரிய கடமையளவு அன்புண்டு என்று அளந்து சொல்லி அனைத்தையும் இழக்கிறாள். இது முறையன்று எனத் தடுத்த கெண்ட் என்னும் பெருமகனும் நாடு கடத்தப்படுகிறான். அவனோ மாறுவேடம் பூண்டு மீண்டு வந்து, தன்னைத் துரத்திய அரசனுக்கே பணிசெய்கிறான். உண்மையை வெளிப்படையாகக் கூறும் உரிமை அவ்வரசன் அருகில் விதூடகன் ஒருவனுக்கே உண்டு. அதுவும் நகைப்பு என்னும் போர்வையில். மூத்த மகளிர் கதவடைத்தபின், புயலிலும் மழையிலும் நனைந்து நிற்கும் இலியருக்குக் கூரையற்ற ஏழையரின் நினைவு முதன்முறையாக எழுகிறது. ஆண்ட காலத்தில் அவர்களை எண்ணாதொழிந்தேனே என வருந்துகிறான். முடிவில் உயிரற்ற கார்டீலியாவை ஏந்தியவனாய் இறக்கிறான். இதனைப் பொறாத நாகம் தேட்டு என்பார் 1681இல் அவள் பிழைத்து மணம்புரிவதாக மாற்றி எழுதினார். மேடைகளில் நெடுங்காலம் அதுவே நடிக்கப்பெற்றது. அவருடைய இரக்கம் மெச்சத்தக்கதே; நாடகம் அதனாற் கெட்டது.

தமிழில், லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் கதையைத் தழுவிச் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீய'த்து மன்னன் சீவகன். இவன் கிரியோனைப்போல் வன்கண்ணன் அல்லன். இலியரைப்போல் புகழுரையை வாய்விட்டுக் கேட்பவனும் அல்லன். நல்லவன், மகள்மீது பேரன்பு உடையவன். ஆனால் தன் அறிவை அமைச்சன் குடிலனிடம் ஒற்றி வைத்துவிட்டவன். அவன் சொற்கேட்டு மதுரையை விட்டு நெல்லையிற் கோட்டை அமைக்கிறான். சேர மன்னன் புருடோத்தமனுக்கு மகளை மணம்பேசத் தக்க தூதனைக் குலகுரு சுந்தர முனிவர் குறித்திருந்தும், குடிலன் மகன் பலதேவனையே அனுப்புகிறான். மணத்தூது போர்த்தூதாக மாறுகிறது.

உண்மை ஊழியனான நாராயணன் தன் மூக்கிற் கரி தடவிக்கொண்டு அரசன்முன் வந்து நிற்கிறான். புறத்தே செம்மையும் மூக்கில் கருமையும் உடைய குன்றிமணியை வஞ்சகர்க்கு வள்ளுவர் உவமை கூறியதை நினைவூட்டுவதே அவன் கருத்து. சீவகன் அதனை விளையாட்டு என்று விட்டுவிட்டான். போரிற் தோற்று உயிர்விடத் துணிந்த அவனைத் தடுத்துக் காப்பவனும் நாராயணனே. எனினும், குடிலன் சொல்லை நம்பி அவனையே இரண்டகன் என ஐயுறுகிறான். குடிலன் அரசாள விரும்புகிறான் என்பது நாடகம் காண்போர் எல்லார்க்கும் தெரியும். அரியணையில் இருப்பவனுக்கு மட்டும் தெரியவில்லை.

இறுதியில் நள்ளிரவில் மனோன்மணியைப் பலதேவனுக்கு மணமுடிக்க ஏற்பாடாகிறது. அவ்வேளையில் குடிலன், முனிவர் அமைத்த சுருங்கை வழியே சென்று, சேரனிடம் கோட்டையைக் காட்டிக்கொடுக்க முயல்கிறான். வஞ்சனையால் வரும் வெற்றியைச் சேரன் வேண்டவில்லை. குடிலனுக்கு விலங்கிட்டு, அச்சுருங்கை வழியே அவனை முன்னே நடத்திக்கொண்டு மணமண்டபத்தை அடைகிறான். கனவிற் கண்ட தலைவனை நேரிற் கண்ட மனோன்மணி, கையிலிருந்த மாலையைச் சேரனுக்கே சூட்டுகிறாள். பகைவன் நேர்மையுடையவனாய் இருந்தமையால் பாண்டியன் மகளும் நாடும் பிழைத்தன. விலங்கு பூண்ட அமைச்சனைச் சீவகன் அப்பொழுதுதான் உற்றுப் பார்க்கிறான்.