வானை விட்டகன்ற ட்ரைஸ்டாரை கணினிக்கு வாங்கலாமா?

திருகோணமலை என்றதும் துறைமுகமும் கோணேசர் ஆலயமும் நினைவுக்கு வருமேயன்றி, ஆகாய விமானம் எவருக்கும் எளிதில் ஞாபகம் வருவதில்லை. ஆயினும், பிரித்தானிய விமானப் படையினர் சீனக்குடாவில் அமைத்த விமானத்தளமும், 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது எழுந்து சென்று எதிர்த்த ஹரிக்கேன் போர் விமானங்களும், இன்று அவ்விடத்திலேயே இளம் விமானிகளைப் பயிற்றுவித்து வரும் இலங்கை விமானப் படையின் கல்விக்கழகமும் இம்மாவட்டத்தின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயமாகவே அமைந்துவிட்டன. பயிற்சி விமானங்களின் இரைச்சலைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானியாகும் ஆசை உண்டாவது இயல்பு. அவ்வாசையை நிறைவேற்றிக்கொள்ளப் பணமும் சந்தர்ப்பமும் வாய்க்காதவர்களுக்கு, வீட்டுக் கணினியில் இயங்கும் ஃப்ளைட் சிமுலேட்டரே எட்டக்கூடிய வழியாக இருக்கிறது.

இலங்கைத்துறையிலிருந்து நகருக்கு வந்து படிக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார். “அண்ணை, ட்ரைஸ்டார் அட்-ஓன் ஒண்டு மலிவாக் கிடக்கு. வந்து கனகாலம். எடுக்கலாமோ, விடட்டோ?” என்றார். “உம்மட கொம்பியூட்டரில எந்தச் சிமுலேட்டர் கிடக்கு எண்டதை முதல்ல சொல்லும், தம்பி” என்றேன். சிமுலேட்டரில் தனியே வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருளான அட்-ஓன்களுள், பழைய பயணிகள் விமானம் ஒன்றை வாங்குவதா, விடுவதா என்ற விசாரம் இந்நாட்டில் பல இளைஞர்களுக்கு உண்டு என்பதை நான் அறிவேனாதலால், அவருக்குச் சொன்னவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ட்ரைஸ்டார் நமக்கு அந்நியமான விமானமன்று. 1979 செப்டெம்பரில் இரண்டு போயிங் 707 விமானங்களோடு தொழிலைத் தொடங்கிய எயார் லங்கா, அடுத்த ஆண்டிலேயே லொக்ஹீட் எல்-1011 ட்ரைஸ்டாரைச் சேவையில் ஈடுபடுத்தி, 1982 இல் அதன் நீள்தூர வகையான எல்-1011-500 இல் இரண்டைப் புதிதாகவே பெற்றுக்கொண்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிப் போனவர்களிலும், இனக்கலவரத்துக்குப் பின் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டவர்களிலும் எத்தனையோ பேர் முதன்முதலாக ஏறிய விமானம் அதுதான். 1986 மே 3 ஆம் திகதி கட்டுநாயக்கவில், மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயார் லங்கா ட்ரைஸ்டார் ஒன்றில் குண்டு வெடித்து 21 உயிர்கள் பறிபோன துயரமும் அவ்விமானத்தின் வரலாற்றோடு சேர்ந்ததே. 1999 இன் பிற்பகுதியில் ஏ330 விமானங்கள் வரத் தொடங்கியபின் ட்ரைஸ்டார்கள் நம் வானிலிருந்து விடைபெற்றன. உலகில் மொத்தம் 250 ட்ரைஸ்டார்களே கட்டப்பட்டன. அவற்றுள் அமெரிக்காவில் ரொக்கெட்டைத் தூக்கிச் சென்று ஆகாயத்தில் ஏவுவதற்கென மாற்றியமைக்கப்பட்ட ‘ஸ்டார்கேசர்’ ஒன்றே பறக்கும் நிலையில் எஞ்சியிருப்பது.

இதனை இவ்வளவு விவரிப்பதற்குக் காரணம் உண்டு. பழைய அட்-ஓன் ஒன்றின் பெறுமதியை நிர்ணயிக்கும் முதற் கேள்வி, அதே விமானத்தை அதனினும் செம்மையாகச் செய்த புதியதொன்று உண்டா என்பதே. பிஎம்டிஜி நிறுவனம் 2011 இல் வெளியிட்ட போயிங் 737 என்ஜிஎக்ஸ், அக்காலத்தில் சிமுலேட்டர் பிரியர்கள் யாவரும் வியந்த படைப்பு. ஆயினும் அந்நிறுவனமே 2022 இல், மைக்ரோசொஃப்ட் 2020 இல் வெளியிட்ட புதிய சிமுலேட்டருக்கென 737 ஐ மீண்டும் செய்து தந்துவிட்டமையால், புதிய சிமுலேட்டர் வைத்திருப்பவர் பழையதற்குப் பணம் கொடுப்பதில் நியாயமில்லை. ட்ரைஸ்டாரின் விஷயம் அத்தகையதன்று. அதனைச் செய்தவர்கள் வெகுசிலர். கேப்டன் சிம் நிறுவனம் பழைய சிமுலேட்டர்களுக்கும் பின்னர் புதியதற்கும் ட்ரைஸ்டாரை வெளியிட்டதாயினும், 737 க்குக் கிடைத்ததுபோன்ற போட்டியும் இடையறாத திருத்தமும் இவ்விமானத்துக்கு வாய்க்கவில்லை. ஆகவே, வெளிவந்த ஆண்டை மட்டும் பார்த்து இதனைத் தள்ளிவிடலாகாது.

இரண்டாவது கேள்வி, நான் அவ்விளைஞரிடம் முதலாவதாகக் கேட்டது: உங்களிடம் உள்ளது எந்தச் சிமுலேட்டர்? 2006 இல் வெளிவந்த மைக்ரோசொஃப்ட் எஃப்எஸ்எக்ஸ் 32-பிட் மென்பொருள்; எவ்வளவு நினைவகத்தைக் கணினியில் பொருத்தினாலும் அது 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஆள இயலாது. கனமான பயணிகள் விமானம் ஒன்றையும் நுணுக்கமான நிலக்காட்சியையும் ஒருசேர ஏற்றினால், பல மணி நேரப் பிரயாணத்தின் கடைசிக் கட்டத்தில், தரையிறங்கப் போகும் வேளையில், நினைவகம் தீர்ந்து மென்பொருள் தானே நின்றுவிடுவதுண்டு. எஃப்எஸ்எக்ஸை உருவாக்கிய குழு 2009 ஜனவரியில் கலைக்கப்பட்டபின், அதன் மூலநிரலுக்கு உரிமம் பெற்று ‘ப்ரீபேர் த்ரீடி’யாக வளர்த்தது லொக்ஹீட் மார்ட்டின், அதாவது ட்ரைஸ்டாரைச் செய்த லொக்ஹீட்டின் வழிவந்த நிறுவனமே. 2017 இல் வந்த அதன் நான்காம் பதிப்பு 64-பிட்டுக்கு மாறியது. அதனால் நினைவகத் தட்டுப்பாடு நீங்கியதெனினும், 32-பிட்டுக்கென எழுதப்பட்ட கருவிகள் அதில் இயங்கா. 2020 ஓகஸ்டில் வெளிவந்த புதிய மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டரோ உள்ளமைப்பில் பெரிதும் வேறுபட்டது. பழைய விமானத்தின் வெளித்தோற்றத்தை எவரேனும் அதனுள் கொண்டுவந்தாலும், விமானியறையின் கருவிகள் பெரும்பாலும் உயிரற்றே கிடக்கும். எனவே, விற்பனைக் குறிப்பில் உங்கள் சிமுலேட்டரின் பெயரும் பதிப்பு இலக்கமும் எழுத்தில் இருந்தாலன்றி, ‘எப்படியாவது இயங்கும்’ என்ற நம்பிக்கையில் பணத்தைக் கொடாதீர்கள்.

மூன்றாவதும் பிரதானமானதும், உள்ளே எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது. பழைய வள்ளம் வாங்குகிறவன் மேற்பூச்சைப் பாராமல் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பதுபோல, இங்கும் படங்களின் பழமையை விட்டுவிட்டு, விமானத்தின் தொகுதிகள் சத்தியமாக இயங்குகின்றனவா என்றே பரீட்சிக்க வேண்டும். ட்ரைஸ்டாருக்கு அத்தகைய பரீட்சைகள் சிலவற்றைச் சொல்கிறேன். வாங்குமுன், பிறர் பறந்து பதிவுசெய்த காணொளிகளிலேயே இவற்றைக் கவனித்துக்கொள்ளலாம்.

தரையிறங்கும்போது ட்ரைஸ்டாரின் மூக்கு மற்ற விமானங்களைப்போல மேலும் கீழும் அசைவதில்லை. காரணம், தரையிறங்குவதற்கென ஃபிளாப்புகளை இறக்கிய நிலையில் இறக்கைகளின் மேலுள்ள ஸ்பொய்லர் தகடுகள் சற்று உயர்ந்து நிற்கும். விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னே இழுத்தால் அவை தாழ்ந்து ஏற்று விசை கூடும், முன்னே தள்ளினால் அவை எழுந்து விசை குறையும். ‘டிஎல்சி’ எனப்படும் இவ்வமைப்பு அந்நாளைய பயணிகள் விமானங்களுள் ட்ரைஸ்டாரின் பிரத்தியேகச் சிறப்பு. காணொளியில், தரையிறங்கும் கட்டத்தில் வெளிப்புறக் காட்சிக்குப் போகும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: தண்டின் சிறு அசைவுக்கும் அத்தகடுகள் மெல்லெனத் தாழ்ந்து எழுமானால், செய்தவர் இவ்விமானத்தின் சுபாவத்தை அறிந்து செய்திருக்கிறார். தகடுகள் அசையாது கிடந்தால், நீங்கள் வாங்கப்போவது ட்ரைஸ்டாரின் உருவத்தை அணிந்த வேறொரு விமானம்.

அடுத்தது பறப்புப் பொறியியலாளரின் பலகை. ட்ரைஸ்டாரைச் செலுத்தியவர்கள் மூவர். மூன்றாமவரின் பலகையில் ஏ, பி, சி, டி என நான்கு திரவ அழுத்தத் தொகுதிகளும் எரிபொருளும் மின்சாரமும் காட்டப்படும். எஞ்சின் ஒன்றை நிறுத்தினால், அது இயக்கும் பம்பியின் அழுத்தம் குறைந்ததைப் பலகை காட்ட வேண்டும். எதுவும் மாறாதிருந்தால் அப்பலகை வெறுஞ் சித்திரமே. தனியாளாக விளையாடுபவர் மூவரின் வேலையையும் செய்ய வேண்டியிருப்பதால், பொறியியலாளரின் கடமையைத் தானே செய்துதரும் வசதி உண்டா என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

பின்னர், தானியங்கித் தரையிறக்கம். 1972 மே மாதத்தில் கலிபோர்னியாவின் பாம்டேலிலிருந்து வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையம் வரை, ஓடுபாதையில் புறப்பட்டது முதல் இறங்கியது வரை தானியங்கியின் பொறுப்பிலேயே பறந்து காட்டியது ட்ரைஸ்டார். அவ்விமானத்தின் அட்-ஓன் ஒன்று தானே தரையிறங்கத் தெரியாதிருந்தால், அதன் உயிர்நாடியே இல்லை என்று கொள்ளலாம்.

விமானத்தின் அசைவை அளந்தே அது இருக்கும் இடத்தைக் கணிக்கும் சடத்துவ வழிகாட்டிக் கருவி உள்ள அட்-ஓன் ஆயின், பழமை குறையாகாமல் அனுகூலமாகிவிடுகிறது. இன்றைய விமானங்களின் கணினிகளுக்கு 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் வழித்தடத் தரவு வேண்டும். இக்கருவிக்கோ அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். புறப்படுமுன் விமானம் அசையாது நிற்க, நிற்கும் இடத்தைக் கொடுத்து, கருவி தன்னைச் சீர்செய்துகொள்ளும் வரை பொறுத்திருந்து, பின்னர் சீனக்குடாவுக்கென வடக்கு 8 பாகை 32 கலை, கிழக்கு 81 பாகை 11 கலை என்று எண்களை அழுத்தினால், கட்டுநாயக்கவிலிருந்து அது நம் குடாவுக்கு வழிகாட்டும். புவியியல் பாடத்தில் மனனம் செய்த ரேகைகளுக்கு இப்படி ஒரு பிரயோசனம் உண்டென்று பிள்ளைகள் அறிவது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் விஷயம்.

கடைசியாக, பணமும் அனுமதியும். அட்-ஓன்கள் டொலரில் விற்கப்படுகின்றன. 2022 இல் நம் ரூபா வீழ்ந்தபின், மலிவு என்று வெளிநாட்டார் சொல்லும் விலையும் இங்கே ஒரு குடும்பத்தின் பலநாட் செலவாகிவிடுகிறது. மேலும், பல அட்-ஓன்கள் நிறுவும்போது உற்பத்தியாளரின் சேவையகத்தோடு தொடர்புகொண்டு அனுமதி பெற வேண்டியவை. அந்நிறுவனம் கடையை மூடினால், கணினியை மாற்றும் நாளில் நீங்கள் வாங்கிய பொருள் உங்களுக்குப் பயன்படாமற் போகலாம். நிறுவனம் இன்றும் இயங்குகிறதா, வாங்குவோரின் கடிதங்களுக்கு மறுமொழி எழுதுகிறதா என்பதை அறியாமல் வாங்குவது விவேகமாகாது. திருட்டுப் பிரதிகளை நாடுவோருக்கும் ஒரு வார்த்தை: அவை வைரஸைக் கொண்டுவருவதோடு, இத்தகைய அருமையான பழைய விமானங்களைச் செய்ய முன்வரும் சிலரின் ஊக்கத்தையும் அழிக்கின்றன.

என் தீர்ப்பு இதுவே. எஃப்எஸ்எக்ஸோ ப்ரீபேர் த்ரீடியோ வைத்திருந்து, அவற்றுக்கு மேற்பட்ட சிமுலேட்டரை இயக்கும் கணினி வாங்க இயலாதவர்கள், மேற்சொன்ன பரீட்சைகளில் தேறும் பழைய ட்ரைஸ்டாரைத் தள்ளுபடி விலையில் தாராளமாக வாங்கலாம். மூவர் கூடிச் செலுத்திய ஒரு காலத்தின் தொழிலை அது கற்றுத்தரும். புதிய சிமுலேட்டரை வைத்திருப்பவர்கள் பழைய பதிப்பைத் தொடவே வேண்டாம். அதற்கென்றே செய்யப்பட்டதை இப்பரீட்சைகளுக்கு உட்படுத்தித் தேறினால் மட்டும் வாங்குங்கள், தேறாவிடில் பொறுத்திருங்கள். இளைஞர்களே, படத்தின் பளபளப்புக்காக ஒரு ரூபாவும் கொடாதீர்கள். உங்களுக்குப் புதிதாக எதையேனும் கற்பிக்கும் விமானத்துக்கு, அது எவ்வளவு பழையதாயினும், மனமுவந்து கொடுங்கள்.