சாளரத்தின் வழியே: இயற்கைக் காட்சியும் நகரக் காட்சியும்

காற்று வரும் வழி என்னும் பொருளில் நம் முன்னோர் சாளரத்தைக் 'காலதர்' என்றனர்; 'கால்' காற்றையும் 'அதர்' வழியையும் குறிக்கும். பல கண்களை உடையது என்பதால் அது 'பலகணி' எனவும் பெயர் பெற்றது. இன்று பெருவழக்காயுள்ள 'சன்னல்' போர்த்துக்கீசிய 'ஜனெலா'விலிருந்து வந்தது. ஆங்கில 'விண்டோ'வின் மூலமோ பழைய நார்சு மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்படும். தொடர்பில்லாத மொழிகளும் காற்றையும் கண்ணையும் கொண்டே சாளரத்துக்குப் பெயரிட்டுள்ளமை கருதத்தக்கது. குளிரூட்டி வந்தபின் காற்றின் பணி குறைந்தது. கண்ணின் பணி எஞ்சியுள்ளது. ஆகவே, சாளரத்தின் வழியே நாம் எதனைக் காண்கிறோம் என்பது பொருட்படுத்தத்தக்க வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்ந்தோருள் ரோஜர் உல்ரிக் குறிப்பிடத்தக்கவர். பென்சில்வேனியாவின் மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் சாளரத்துக்கு வெளியே மரங்கள் இருந்தன. மீதிப் பேருக்குச் செங்கற்சுவரே தெரிந்தது. மரங்களைக் கண்டோர் சராசரியாக 7.96 நாளிலும், சுவரைக் கண்டோர் 8.70 நாளிலும் வீடு திரும்பினர். முன்னவர்க்கு வலிமைமிக்க வலிநீக்கிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. இம்முடிவு 1984இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாயிற்று.

எனினும், இங்கு ஒப்பிடப்பட்டவை மரமும் வெறுஞ்சுவருமே. இயற்கையும் நகரமும் அல்ல. மக்கள் நடமாடும் தெருவும் தொலைவில் விளக்கொளி சிந்தும் துறைமுகமும் வெறுஞ்சுவரோடு ஒருசேர எண்ணத்தக்கவை அல்ல.

மரக்காட்சி ஏன் இதமளிக்கிறது? ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் ஆகியோர் தரும் விளக்கம் பயனுடையது. முயன்று செலுத்தும் கவனம் களைப்படையும். அசையும் இலையும் நகரும் முகிலும் முயற்சியின்றியே மனத்தை ஈர்ப்பதால் அக்கவனம் ஓய்வு பெறுகிறது. நகரத்தெருவிலோ ஊர்திகளும் விளம்பர எழுத்துகளும் நம் கவனத்தை வற்புறுத்தி அழைக்கின்றன.

பார்வை காட்சியால் மட்டும் அமைவதன்று. சோவியத் அறிவியலாளர் அல்ஃபிரெட் யார்பஸ் ஒரே ஓவியத்தைக் காட்டி வெவ்வேறு வினாக்களை எழுப்பினார். வினா மாறியபோது விழி சென்ற வழியும் மாறியது. நாம் எதனைத் தேடுகிறோமோ அதனையே கண் நாடுகிறது.

இவ்விடத்தில் தமிழ் மரபு நமக்குத் துணை நிற்கிறது. திணைக் கோட்பாடு நிலத்தையும் மனிதரையும் பிரித்து நோக்கவில்லை. மரம், பறவை, விலங்கு ஆகியவற்றோடு உணவு, தொழில், பறை ஆகியனவும் கருப்பொருள்களாகவே எண்ணப்பட்டன. இந்நோக்கில், தூங்குமூஞ்சி மரமும் அதன் பின்னே நிற்கும் அடுக்குமாடிக் கட்டடமும் ஒரே காட்சியின் உறுப்புகளாகும்.

சிங்கப்பூரில் நான்கில் மூவருக்கு மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழ்கின்றனர். ஆயினும், 'என் சாளரக் காட்சி' என்று எழுதச் சொன்னால், தாம் கண்டறியாத நெல்வயலையும் நீரோடையையும் எழுதும் மாணவர் உளர். தாம் நாள்தோறும் காண்பவற்றுக்குத் தமிழ் இடந்தராது என அவர்கள் எண்ணிவிடுவதே இதிலுள்ள இழப்பு. அவ்வெண்ணம் வேரூன்றின், தமிழ் பாடநூலின் மொழியாக மட்டுமே எஞ்சும்.

எனவே, ஆசிரியர்கள் மாணவரை வகுப்பறைச் சாளரத்தருகே நிறுத்தி மூன்று வினாக்களை எழுப்பலாம்: வானில் என்ன நிகழ்கிறது? எதிரே எவை நிற்கின்றன? கீழே யார் என்ன செய்கின்றனர்? ஒவ்வொரு வினாவும் கண்ணை வேறிடத்துக்கு அழைத்துச் செல்லும். கண் சென்ற இடத்துக்குச் சொல்லும் செல்லவேண்டும்; மேல்நடைபாதைக்கும் துணி உலர்த்தும் கழிக்கும் தொடர்வண்டிக்கும் தமிழில் பெயர் சொல்லிப் பழகும் மாணவர், தாம் வாழும் இடத்தையும் தமிழாலே காண்பர்.