முறுக்குக்கு ஒரு கப்பல்

சிரம்பான் பக்கத்துச் செண்டாயானில் முறுக்கும் ஓமப்பொடியும் சுட்டு விற்கும் வாசகி ஒருவர், லண்டன் கடை ஒன்றுக்குத் தீபாவளிச் சரக்காக இருபது பெட்டி அனுப்ப வேண்டும், எந்தச் சரக்கு நிறுவனம் நல்லது என்று கேட்டு எழுதியிருக்கிறார். பல இடங்களில் விலை விசாரித்துவிட்டாராம். ஒருவர் சொன்ன தொகை மற்றவர்கள் சொன்னதில் பாதிகூட இல்லையாம்.

கேஎல்ஐஏ விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது; ஆனால் முறுக்கு விமானத்துக்குத் தோதான சரக்கு அல்ல. 50, 40, 40 சென்டிமீட்டர் பெட்டியில் ஆறேழு கிலோ பிடித்தாலும், விமானக் கணக்கில் அது 13 கிலோவைத் தாண்டும். மூன்று அளவையும் பெருக்கி 6,000ஆல் வகுப்பது அவர்கள் வழக்கம். முறுக்குச் சுருளுக்குள் இருக்கும் காற்றுக்கும் காசு! கடல் வழியில் இருபது பெட்டியும் 1.6 கனமீட்டர்தான். போர்ட் கிள்ளானில் பலருடைய சரக்கோடு சேர்ந்து ஒரே கொள்கலனில் ஏறிவிடும்.

அந்தப் பாதி விலையின் சூட்சுமம் இறங்கும் துறைமுகத்தில் இருக்கக்கூடும். இங்கே கடல் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி, அங்கே இறக்கும் கூலி, ஆவணக் கூலி என்று வாங்குபவர் தலையில் கட்டுவது இந்தத் தொழிலில் நெடுநாள் பழக்கம். லண்டன் கடைக்காரர் ஒருமுறை கட்டுவார். அடுத்த ஆண்டு ஆர்டர் வராது.

விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் பில் ஆஃப் லேடிங் என்ற காகிதம். இந்தத் தொழிலிலேயே விநோதமானது அதுதான். ரப்பர் தோட்டத்தில் பாலை நிறுத்துக் கிராணி எழுதிக்கொண்டதோடு சரி; அந்த எழுத்தைக் காட்டிப் பாலைத் திரும்பக் கேட்க முடியாது. இந்தக் காகிதத்தின் அசலை முறைப்படி வைத்திருப்பவரோ சரக்கையே கேட்கலாம். வங்கிகள் அதை நம்பிக் கடன் தருகின்றன. வழக்கமாக மூன்று அசல் அச்சாகும். பாய்மரக் காலத்தில் கப்பல் மூழ்கினால் காகிதமும் போய்விடும் என்று, அசல்களை வெவ்வேறு வழியில் அனுப்பினார்கள். ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. இன்றும் மூன்றுதான்.

ஆனால் சிறு ஏற்றுமதியாளர் கைக்குப் பெரும்பாலும் கப்பல் நிறுவனத்தின் பில் வருவதில்லை. அது சரக்கு முகவருக்குப் போகும். முகவர் தம் பெயரில் இன்னொரு பில் எழுதித் தருவார். அவர் கப்பலுக்குக் கட்டணம் பாக்கி வைத்தால், முழுப்பணம் கட்டியவரின் பெட்டியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஆகவே கேட்க வேண்டியவை: பில்லில் கையெழுத்திடுவது யார்? அங்கே சரக்கை விடுவிக்கும் ஏஜெண்டு யார்? 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி சுங்க முகவர் அனுமதி உண்டா? சரக்குக் காப்புறுதி யார் பொறுப்பு? இவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்பவர் நூறு ரிங்கிட் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

பெரிய பெயர் மட்டும் காப்பாற்றாது. 2016 ஆகஸ்டு 31 அன்று தென்கொரியாவின் ஹான்ஜின் கப்பல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கூலி கிடைக்காதென்று பல துறைமுகங்கள் அதன் கப்பல்களைச் சேர்க்கவில்லை. சுமார் 1,400 கோடி டாலர் சரக்கு கடலில் தவித்தது. ஹான்ஜினோடு நேரடித் தொடர்பே இல்லாத வணிகர்களின் பெட்டிகளும் அதில் இருந்தன.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது ஈயத்தைக் கப்பலேற்றத்தான். பின்னர் ரப்பர் போனது. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு அது எந்தக் கப்பலில், யார் பெயரில் போகிறது என்று யாரும் சொன்னதில்லை. அவர்களின் பேத்திமார் இப்போது தங்கள் பெயரிலேயே சரக்கு அனுப்பும்போது, பில் ஆஃப் லேடிங்கைப் படிக்காமல் வாங்கிக்கொள்வதுதான் வருத்தம். இதற்கு அரைநாள் வகுப்பு வைக்க நம் வணிகச் சங்கங்களுக்கு நேரம் கிடைக்காதா?

வாசகிக்கு இன்னொன்று: செங்கடல் தாக்குதல்களால் 2023 கடைசியிலிருந்து பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கி, பயணம் பத்து நாள் அளவுக்கு நீண்டது. எந்த வழி என்று கேட்டுக்கொண்டு, ஆகஸ்டிலேயே பெட்டியை ஏற்றிவிடுவது நல்லது.