இராமானுஜன் தவறவிட்ட எண்

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸில் 12 வடைகள் வாங்கிக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் இரயில் ஏறுகிறீர்கள். நீங்கள் 2, 3, 4 அல்லது 6 பேராக இருந்தாலும் வடைகளைச் சமமாகப் பங்கிடலாம். ஒரு வடை கூடி 13 ஆகிவிட்டால்? 13 பேர் இருந்தால்தான் சமப்பங்கு!

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என 6 காரணிகள் உள்ளன. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்ணை ‘மிகுபகு எண்’ எனலாம். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை ஆகிய மூன்றுமே மிகுபகு எண்கள்தாம்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். 1916-இல் அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்தது இந்த ஆய்வுதான். கணினி இல்லாத அக்காலத்தில் அவர் கையாலேயே கணக்கிட்டு அளித்த பட்டியல் 6746328388800 வரை நீள்கிறது. இந்தக் கடைசி எண்ணுக்கு 10080 காரணிகள்!

ஆனால், அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போனது. 240940299600-க்கு அடுத்து வரவேண்டிய 293318625600 அதில் இல்லை.

இதுவும் மிகுபகு எண்தானா? பகா எண்களின் பெருக்கமாக எழுதிப் பார்ப்போம்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும். 11, 13, 17, 19 ஆகியவற்றின் அடுக்கு 1. எனவே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. முந்திய எண்ணான 240940299600-க்கு 4800 காரணிகள் மட்டுமே. அதாவது, விடுபட்ட எண் அதை முந்திவிட்டது.

இன்னொரு வியப்பு: 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் இதை மீதியின்றி வகுக்கலாம். 23-ஆல் மட்டும் முடியாது. அந்த 23-ஆல் இதைப் பெருக்கினால் என்ன வரும்? 6746328388800! இராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணேதான். அவர் தவறவிட்ட எண், அவர் எழுதிய கடைசி எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

ஓர் எண் விடுபட்டதால் அவர் நிறுவிய தேற்றங்கள் எதுவும் பொய்யாகவில்லை. அவர் காட்டிய வழியிலேயே, விடுபட்டதை நாமும் சரிபார்க்க முடிகிறது. தேர்வில் விடையை மறுபடி பார்க்கச் சோம்பல் வரும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கொரு சவால்: 1-ஐயும் சேர்த்து, 100-க்குள் மிகுபகு எண்கள் ஒன்பது உள்ளன. கணிப்பானைத் தொடாமல் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!