தெருவோரம் துருப்பிடிக்கும் வண்டி... பில் யாருக்கு வரும்?

சென்னையில் எந்த உள்தெருவுக்குள் போனாலும் இப்படி ஒரு கார் நிற்கும். நாலு டயரிலும் காற்று இருக்காது. கண்ணாடி முழுக்கத் தூசி, அடியில் நாய்க்குட்டிகள். ‘யாரோட வண்டி இது?’ என்று கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது.

சட்டம் இதில் ரொம்ப அவசரம் காட்டுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127-ன்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். பத்து நாள் இல்லை, பத்து மணி நேரம்! நொறுங்கிய, எரிந்துபோன வண்டி போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருந்தால் உடனே அகற்றலாம். இழுவைச் செலவு உரிமையாளர் தலையில்.

அப்புறம் ஏன் வருஷக்கணக்கில் நிற்குது?

‘அகற்றலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறது, ‘அகற்ற வேண்டும்’ என்று இல்லை. இழுத்துப் போனால் நிறுத்த இடம் வேண்டும். பல காவல் நிலைய வாசல்களில் ஏற்கெனவே வழக்கு வண்டிகள் குவிந்து கிடக்கின்றன. அதனால், யாராவது புகார் கொடுக்கும்வரை வண்டி அசையாது. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் செய்யலாம். மழைக்காலத்தில் தள்ளிப்போட வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு, டயரில் தேங்கிய கொஞ்சம் தண்ணீரே போதும்.

பழைய பைக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் கவனத்துக்கு...

நம்பர் பிளேட்டை வைத்துத் தேடினால் கிடைப்பது ஆர்.சி.யில் இருக்கும் பெயர்தான். விற்ற 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை. பலரும் ‘வாங்கினவர் மாத்திப்பார்’ என்று விட்டுவிடுகிறார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் கார் பல கை மாறியிருந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. விபத்து இழப்பீட்டை ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே தர வேண்டும் என்று தீர்ப்பானது. தெருவில் கிடக்கும் வண்டியைவிடப் பெரிய தலைவலி இது.

ஓடவே ஓடாத வண்டி என்றால், காயலான் கடையில் போட்டுக் காசு வாங்கியதோடு வேலை முடியாது. பதிவு தானாக ரத்தாகாது. ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்ய வேண்டும். அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் அடுத்து வாங்கும் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது.

எப்போதோ விற்ற பைக்கின் எண் ஞாபகம் இருந்தால், பரிவாஹன் தளத்தில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும். ஆனாலும் அது உங்கள் பெயரா இல்லையா என்று தெரிந்துவிடும்.